சிங்கப்பூர் செல்லில் ராகு காலம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் வகுப்பு நடக்கவில்லை. மதுரைப் பழங்காநத்தத்தில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செய்தி.

என் கணவர் குபேந்திரன் சாஃப்ட்வேர் ஆள். வாரம் முழுக்கக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுவார். ஞாயிறு காலையில், செல்போனுக்கு அப்ளிகேஷன் எழுதுவது எப்படி என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பார். எல்லாம் இலவசம், டீ உட்பட. டீ போடுவது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

“ராப்பகலா முழிச்சுக் கத்துக்கிட்டதை இப்படி வாரி இறைச்சா, நாளைக்கு உங்க சீட்டுக்கே ஆள் வந்து நிக்கும்” என்பேன்.

“நிக்கட்டுமே” என்பார். கோபமாவது வருமா? வராது. எனக்குக் கோபமே அதுதான்.

அந்த வகுப்புக்கு வந்தவள்தான் மலர்க்கொடி. பேரையூர்ப் பக்கம், அப்பா விவசாயி. எம்.சி.ஏ. முடித்தவள். அவள் ஒரு அப்ளிகேஷன் எழுதினாள். செல்லில் திறந்தால் பச்சை வரும், அல்லது சிவப்பு வரும். பச்சை என்றால் தாராளமாகக் கிளம்பலாம். சிவப்பு என்றால் ராகு காலம் — உட்கார வேண்டும். நம் ஜனங்களுக்கு இதைவிடத் தேவையானது வேறென்ன இருக்கிறது? சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் இதைக் காட்டினாள். வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை போய்ச் சேர வேண்டும்.

அப்பாவின் செல்லிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, “எம்மக செஞ்சது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாராம்.

ஹாஸ்டல் பார்க்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே அப்பாவும் மகளும் பெட்டியோடு கிளம்பியிருக்கிறார்கள். செல்லில் பச்சை. பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர் ஒருவர் நிறுத்தி, “என்ன மச்சான், ராகு காலத்துல பொம்பளப் புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டீக?” என்று கேட்டிருக்கிறார். மணி பத்தே முக்கால்.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம் என்று மதுரையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மலரின் அப்பாவுக்கும் தெரியும்தான். ஆனால் மகள் எழுதிய புரோகிராம் பச்சை காட்டும்போது காலண்டரை யார் பார்ப்பார்கள்?

பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். “மொத அடியே சரியில்ல. இந்த வேலை வேணாம்த்தா” என்று சொல்லிவிட்டாராம். மலர் போனில் அழுதாள். இவர் “அந்தச் செல்லு எங்க வாங்குனது?” என்று மட்டும் கேட்டார். “அக்கா வீட்டு மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தாருண்ணே” என்றாள் மலர். பிறகு அவளே, “ஐயோ” என்றாள்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுச் செல்லை வாங்கியதும் நாம் என்ன செய்வோம்? கடிகாரத்தை மட்டும் நம்மூர் மணிக்குத் திருப்பி வைப்போம். எந்த நாடு என்ற இடத்தைத் தொடவே மாட்டோம். முகத்தில் பேரையூர் மணி, உள்ளே சிங்கப்பூர். புரோகிராம் என்ன செய்யும்? சிங்கப்பூரில் பத்தே முக்கால் என்றால் இந்தியாவில் எட்டேகால்தானே என்று இரண்டரை மணி நேரத்தைக் கழித்துவிட்டது. எட்டேகாலுக்கு ஏது ராகு காலம்?

ஞாயிறு காலை நாங்கள் பேரையூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. மணியைத் திருப்பி வைத்தது அவள் அப்பா. செல் கொடுத்தது மூத்த மாப்பிள்ளை. மாப்பிள்ளை கொண்டுவந்த பொருளை மாமனாரிடம் குறை சொல்லிவிட்டு ஊர் திரும்ப முடியுமா?

“பேசாம சிவப்பே வராம பண்ணிட்டா என்ன?” என்று கேட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மலரின் அப்பா மரியாதையாக வரவேற்றார். காபி வந்தது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா, அந்தச் செல்லுல...” என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டு சௌராஷ்டிர மொழியில், “நீங்க சும்மா இருங்க, அவ பேசட்டும்” என்று அடிக்குரலில் சொல்லி வைத்தேன்.

மலர் பேசினாள். “அப்பா, நாந்தேன் யோசிக்கல. எந்த ஊருச் செல்லா இருந்தாலும் மணியக் கையில திருப்பி வைப்பாகன்னு நெனச்சுப் பாத்து எழுதியிருக்கணும். அம்புட்டுத்தேன்.”

அவர் செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இது இம்புட்டு நாளா சிங்கப்பூர்லயேதான் இருக்காக்கும்?”

“ஆமாப்பா.”

“சரி, நீ மெட்ராஸ் போயிட்டா, இது மறுக்கா கெட்டுப்போனா நா யாருகிட்டத்தா போவேன்?”

அவர் கேட்டது செல்லைப் பற்றித்தானா? மலருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது, நாட்டை எப்படி மாற்றுவது, பிறகு மணியை எப்படிச் சரிபார்ப்பது... ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் தப்பாக அமுக்கினார். மறுபடி காட்டினாள். மறுபடி தப்பு. அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரே ஒருமுறை முழுதாகச் செய்து முடித்தார். பக்கத்தில் இவருக்கு முகமெல்லாம் பல். அந்தப் பொறுமை எந்த மாடியிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும். போடும் டீ வீண் போகவில்லை என்று முதல்முறையாகத் தோன்றியது.

போகலாம் என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விடை பெற்றுக்கொண்டு வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை காலை மலரின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“அம்மா, தம்பிகிட்டச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுப் பையனோட செல்லு துபாய்ல இருந்து வந்தது. அதுலயும் இதே கோளாறு. நானே சரி பண்ணிப்புட்டேன். எதுத்த வீட்டுக்காரரும் கொண்டாந்து குடுத்துருக்காரு, பாத்துக்கிட்டு இருக்கேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மலர் என்னாச்சுங்க?” என்று கேட்டேன்.

“அதுவா? ஏழரைக்கு ராகு காலம் வந்துரும்ல. ஆறு மணிக்கே பஸ் ஏத்திவிட்டுட்டேம்மா” என்றார்.