சுண்ணாம்பு மணமும் உரோமாபுரியும்

வீட்டுச் சுவருக்கு அடிக்க மருமகன் சுண்ணாம்புக்குத் தண்ணி விட்டார். அந்தச் சூட்டு மணம் மூக்கில் ஏறினதும், துறைமுகக் கரையில் இருந்த எங்கட சின்ன அந்தோனியார் கோயில் கண்ணுக்கு முன்னால் எழும்பி நின்றது. இப்ப அந்த இடத்தில் ஒரு கல்லுமில்லை.

அப்பா ஆக்கள் கடலால் வந்து, வலை உதறி, மீன் விற்று, மிச்ச வெயிலில்தான் அந்தக் கோயிலுக்குச் சுவர் வைப்பினம். மாரி தொடங்கினால் அதுவும் நின்றுபோகும். நானும் ஓலைப்பெட்டியில் மணல் சுமந்து, நான் முதன்முதலா நற்கருணை வாங்கிற என்ர புதுநன்மை இந்தக் கோயிலுக்குள்ளதான் என்று ஒருத்தருக்கும் சொல்லாமல் ஆசைப்பட்டுக்கொண்டு திரிந்தனான்.

துறைமுகக் கந்தோர் கிளாக்கர் சைக்கிளில் போகேக்க, அரைச் சுவரைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். அப்பா தலையைக் குனிவார். ஒருநாள் அதைக் கேட்ட எங்களுக்குப் பூசை வைக்கிற பிரெஞ்சுச் சுவாமியும் சிரித்தார்.

"உரோமாபுரி ஒரு நாளில கட்டினதில்லை எண்டு சொல்லுறார். பெரிய வேலைக்குப் பொறுமை வேணும் எண்டு கருத்து. அது எங்கட பிரான்சுப் பழமொழி. இங்கிலீஸ்காரர் பிறகு எடுத்தவை."

அதுக்குப் பிறகு கிளாக்கர் சொல்லச் சொல்ல, அப்பா "ஓம் ஐயா, ஓம்" என்று இன்னொரு கல்லைத் தூக்கி வைப்பார்.

கூரை போட்டு முதல் பூசை. நான் வெள்ளைச் சட்டையோடு, புதுநன்மைக்கு, உள்ளே நின்றனான். பிந்தி வந்த கிளாக்கருக்கு வாசலிலும் இடமில்லை. எட்டி எட்டிப் பார்த்தார். ஆக்களைக் கண்டால் வாய் திறக்காத நான் திரும்பிச் சொன்னன்:

"பொறுங்கோ ஐயா. உரோமாபுரி ஒரு நாளில கட்டினதில்லை."

கோயில் முழுக்கச் சிரித்தது. முதல் சிரித்தது அப்பாதான்.