கோபப்படாமல் ஆழ்வார்திருநகரி வரை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். பாளையங்கோட்டையில் நான் பாடம் நடத்தினால் நாலு தெரு தள்ளிக் காக்காய் பறக்கும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், மாசித் திருவிழாக் கூட்டம் போகும் திருச்செந்தூர் ரஸ்தாவில் அரை நாள் கோபப்படாமல் சைக்கிள் மிதித்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

காரணம் சேனை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகக் கருப்பட்டித் தண்ணீரைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும். என் மனைவி தலைப்பிரசவத்துக்கு ஆழ்வார்திருநகரியில் தாய்வீட்டில் இருந்தாள். என் பிள்ளைக்கு நான்தான் சேனை வைக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. மாமியாருக்கோ என் கோபம் பிள்ளைக்கு வந்துவிடுமே என்று பயம். தம் தம்பி வைக்கட்டும் என்றார். அந்த மாமா, மேலே தேள் ஊர்ந்தாலும் பைய எழுந்து வேட்டியை உதறுகிற மனிதர்.

ஒருநாள் விடியற்காலையில் மாமனார் வீட்டு வண்டிக்காரர் வந்து நின்றார். "நேத்துப் பொழுதடைய வலி கண்டுட்டுய்யா. பிள்ளை பொறக்க முன்ன வந்தா நீங்க வைக்கணுமாம், இல்லன்னா அம்மாவோட தம்பி வச்சிருவாகளாம். வார வழியில யார்ட்டயும் சள்ளுன்னு விழுந்திராம வரணும்னும் அம்மா சொல்லச் சொன்னாக."

அப்போது அந்தப் பக்கம் ரயில் கிடையாது. சைக்கிளை எடுத்தேன்.

கிருஷ்ணாபுரம் தாண்டியதும் ரஸ்தா முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். மணியை அடித்தேன். காவடி மணி என்று நினைத்துவிட்டார்கள். "அரோகரா!" என்று இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கைகூப்பி நின்றார்கள். நடுவில் கோட்டும் தலைப்பாகையுமாக நான் போகிறேன்! ஒருவர் ஓடிவந்து என் நெற்றியில் திருநீறே பூசிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கருங்குளத்தில்தான் சோதனை. வாழைத்தார் வண்டி ஒன்று ரஸ்தாவுக்குக் குறுக்கே நிற்கிறது. வண்டிக்காரர் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார். பாளையங்கோட்டைச் சந்தைக்கு வருகிறவர், என் வாயை நன்றாக அறிந்தவர். தொண்டை வரை வந்ததை விழுங்கினேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்குங்களேன்."

அவர் சுருட்டைக் கையில் எடுத்துவிட்டார். "என்ன வாத்தியாரய்யா, மேலுக்குச் சொகமில்லையா? சத்தத்தையே காணுமே!"

சங்கதியைச் சொன்னேன். "அத மொதல்ல சொல்லப்படாதா வே!" என்று மாட்டைத் தட்டி வழிவிட்டார். முன்னால் போன வண்டிகளுக்கும் குரல் கொடுத்தார்: "ஏலே, ஒதுங்குங்கலே! வாத்தியாரு சேனை வைக்கப் போறாரு!" பிறகு எனக்கு ராஜபாட்டைதான். இடப்பக்கம் வாழைத்தோட்டம், அதற்கப்பால் ஆறு, எதிர்க்காற்றும் இல்லை. வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

ஸ்ரீவைகுண்டம் திரும்புகிற இடத்தில் உடைமர முள் ஏறி டயர் பொத்தலானது. டயருக்குக் காது கிடையாது, திட்டினால் என்ன என்று தோன்றியது. எதற்கு வம்பு என்று அதையும் திட்டவில்லை. ஒட்டி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மாமனார் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே உள்ளே பிள்ளையின் அழுகை கேட்டது. பிந்திவிட்டேன்! மாமா கழுவிய கையோடு நிற்கிறார். மாமியார் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வெள்ளிக் கிண்ணமுமாக வந்தார்.

"பொம்பளப் பிள்ளை. பொறந்து ஒரு நாழியாச்சு."

"சேனை வச்சாச்சா?"

"எங்க வைக்க? பெத்தவ விட மாட்டேங்காளே!"

ஒருக்களித்திருந்த அறைக்கதவைப் பார்த்துச் சொன்னேன்: "பாளையங்கோட்டையில இருந்து இங்கன வரைக்கும் ஒரு சொல்லுகூடக் கோவமாப் பேசல."

உள்ளேயிருந்து என் மனைவி களைத்த குரலில் சொன்னாள்: "யாரு ஒங்கள அப்படி வரச் சொன்னா? எனக்கு மாமாதான் சேனை வச்சாக. அந்தப் பொறுமையெல்லாம் என்னோட போட்டும். எம் பிள்ளைக்கு ஒங்க கோவம் வேணும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மாமியார் கிண்ணத்தை நீட்டினார். தொட்டு வைத்தேன். மகள் சப்புக் கொட்டினாள், மூச்சை இழுத்துக்கொண்டு முன்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். நானும் அழுதுகொண்டிருந்தேன்.