பந்தலுக்குப் பின்னால் இருந்த சமையலறை

மாலை நாலே காலுக்கு எனக்குப் பசிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு நடந்த எதையும் பசி என்ற சொல்லை வைத்து என்னால் விளக்க முடிந்ததில்லை.

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். புறவழிச்சாலைக்கென்று வயல்களில் கல் நட்டிருந்தார்கள். ஒரு கட்சி ஆட்சியில் இருந்தபோது நட்ட கல். அடுத்த கட்சி வந்தால் பிடுங்கிவிடும் என்று நம்பி ஓட்டுப் போட்டோம். வந்தார்கள்; கல்லுக்குப் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் சம்பா நாற்றுக்கு நடுவிலும் ஒன்று நின்றது. என் மாமனார் பண்ணையாளாக இருந்து, பிறகு அதே பண்ணையிடம் குத்தகைக்கு எடுத்து, கடைசியில் பட்டா வாங்கிய நிலம் அது. எனவே ஊரே சேர்ந்து ஒருநாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை போலீஸ் அனுமதி.

என் கணவர் முன்கூட்டியே எல்லாரையும் எச்சரித்திருந்தார். “தண்ணி குடிக்கலாம். வேற ஒரு பருக்கை யார் வாயிலயும் படக்கூடாது. எதிர்த்த டீக்கடையில கரைவேட்டிங்க போனைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. ஒருத்தர் தின்னாலும் போதும், ஊரே நாடகம் ஆடுதுன்னு வாட்ஸ்அப்புல போட்டுடுவாங்க. அப்பறம் கலெக்டர்கிட்ட போயி எந்த மூஞ்சியோட நிக்கிறது?”

எனக்கு அதில் பயமே இருக்கவில்லை. பட்டினி எனக்குப் பழக்கம். கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறைங்க என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காய். மாலை பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும் நடப்பதுதான் யாருக்கும் தெரியாது. முதலில் ஒரு ரஸ்க். பிறகு அந்தப் பாக்கெட் முழுவதும். பிறகு மிச்சமிருக்கும் சோறு, குழம்புகூட ஊற்றாமல், நின்றுகொண்டே. முடிந்ததும் உறைகளைக் கொல்லைக் குப்பைக்குழியில் தேங்காய் மட்டைக்கு அடியில் தள்ளிவிடுவேன். மறுநாள் ஓட்ஸைப் பாதியாக்குவேன். அன்று மாலை இன்னும் மோசமாக இருக்கும். எடை ஏறிக்கொண்டே போனது.

யாருக்குத் தெரிந்தாலும் என் மகளுக்குத் தெரியக்கூடாது என்றிருந்தேன். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவளும் சோற்றைக் குறைத்திருந்தாள். கேட்டால், “யூனிஃபார்ம் இறுக்குதும்மா” என்பாள். தட்டில் அவள் ஓரமாக ஒதுக்கும் சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு கரண்டி வைக்கப் போவேன்; அவள் தட்டை நகர்த்திக்கொள்வாள். எனக்கு இது எங்கிருந்து வந்ததென்றே தெரியாதபோது, அவளுக்கு வராமல் எப்படித் தடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பந்தலில் அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏற ஏற ஆட்கள் சாய ஆரம்பித்தார்கள். நான் முதுகை நிமிர்த்தியபடியே இருந்தேன்.

“டீச்சரக்காவப் பாருங்கடி,” என்றாள் என் கொழுந்தன் மனைவி. “வருஷம் பூரா உண்ணாவெரதம் இருக்கிற ஆளு. அசையுதா பாரு.”

“அப்பறம் ஏன்டி ஒடம்பு மட்டும் எறங்க மாட்டேங்குது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“காத்தக் குடிச்சாலே ஏறுற ஒடம்பு அது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தலுக்கு நேர் பின்னால் என் சின்ன மாமியார் வீடு. பாத்ரூம் போகப் பெண்கள் காலையிலிருந்து அங்கேதான் போய் வந்துகொண்டிருந்தார்கள். நாலே காலுக்கு நானும் எழுந்து போனேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பும்போது சமையலறைக் கதவு திறந்திருந்தது. மேடைமேல் ரஸ்க் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். உண்ணாவிரதம் முடிந்ததும் டீயோடு கொடுப்பதற்கு. பக்கத்தில் தீபாவளி அதிரசம் மிச்சமிருந்த டப்பா.

இன்னும் முக்கால் மணி நேரம்தான். ஐந்து மணிக்கு எல்லாரோடும் உட்கார்ந்து அதே ரஸ்க்கைச் சாப்பிடலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது. போலிருக்கிறது என்றுதான் இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

அதிரசம் கெட்டிப்பட்டிருந்தது. ஒன்றை எடுத்தேன். டப்பாவை மூடினேன். மறுபடி திறந்தேன். அதற்கப்புறம் என் கைகள் என்னைக் கேட்கவில்லை. ரஸ்க் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். ருசி எதுவும் நினைவில்லை. தொண்டையில் தூள் அடைத்தது மட்டும் நினைவிருக்கிறது. வெளியே மைக்கில் விவசாய சங்கத் தலைவர், “வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்” என்று பேசிக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள். நான் இன்னொரு பாக்கெட்டைக் கிழித்தேன்.

என் மாமனாருக்குப் பசி தெரியும். பண்ணையில் வேலை முடிந்து கூலிநெல் வந்து, அதைக் குத்தி உலை வைக்கும்வரை காத்திருந்த வீடு அது. அந்த மனிதர் வாங்கிய நிலத்துக்காக உட்கார்ந்துவிட்டு, வயிறு கேட்காத ஒன்றை நான் எதற்காக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்? பயமா, கோபமா, காலையில் குடித்த வெறும் தண்ணீரா? அந்தச் சிரிப்பு காரணமா என்றுகூட யோசித்திருக்கிறேன். சிரிப்பே இல்லாத நாட்களிலும் இதே நாலே காலுக்கு இதே மாதிரி நின்றிருக்கிறேனே.

முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. போனைத் தூக்கிக்கொண்டு கரைவேட்டி ஒருவன் வருகிறான் என்றே நினைத்தேன். வாயில் இருந்ததை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர் கட்டியது. கணவரின் முகமும், வயலில் நிற்கும் மஞ்சள் கல்லும் ஒரே சமயத்தில் மனதில் வந்தன.

வந்தது என் மகள்.

என் வாயைப் பார்த்தாள். மேடையில் கிடந்த உறைகளைப் பார்த்தாள். உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

“வாயக் கொப்பளிச்சுக்க. அப்பா தேடறாங்க. ஜூஸ் குடுக்கக் கூப்புடப் போறாங்க.”

கொப்பளித்துவிட்டு, “நீ போ. நான் வரேன்,” என்றேன்.

“உன் மோவாயில தூளு இருக்கு.”

துடைத்துக்கொண்டேன். உறைகளை அள்ளி அவசரமாகக் கசக்கினேன். அந்தச் சின்ன அறையில் அது பெரிய சத்தமாகக் கேட்டது. முற்றத்திலிருந்து யாரோ, “யாரு உள்ள?” என்றார்கள்.

“நாந்தான் சித்தி. தண்ணி குடிக்க வந்தேன்,” என்றாள் மகள், கொஞ்சமும் தடுமாறாமல்.

பிறகு என் கையிலிருந்து உறைகளை வாங்கினாள். துப்பட்டாவின் நுனியை மேடைமேல் விரித்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, துணியோடு சேர்த்து மெதுவாக மடித்து உள்ளங்கையால் அழுத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவசரமே இல்லாத கைகள். பலமுறை செய்த வேலையைச் செய்யும் கைகள் அப்படித்தான் இருக்கும். அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, ரகசியம் பேசும் குரலில் சொன்னாள்.

“துணியில வச்சு அமுக்கினா சத்தம் வராதும்மா. நான் அப்படித்தான் செய்வேன்.”