ஆர்டெலியா நின்ற வரிசை

என் தங்கை ஆர்டெலியா டாலிவர் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், நீதிமன்றத்தில் ஜூரி நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்புப் பெண் அவள். எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது அவளால். குழாய் வரும்வரை நகராட்சிக் கூட்டம் ஒன்றையும் அவள் விடவில்லை. துணிக்கடையில் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்துவிட்டு வந்தாள். அதற்கு முன்பெல்லாம் எங்கள் தலையில் பட்ட தொப்பியை நாங்கள் வாங்கியே ஆக வேண்டும். வங்கியில் இப்போது அவளைத் "திருமதி டாலிவர்" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் அம்மா சாகும்வரை அந்த வங்கி வாசலில் அவருக்கு "ஏ பொண்ணே"தான்.

நான் பள்ளிக்கூடத்துக்கு நான்காம் வகுப்புவரை போனேன். ஆர்டெலியா ஒரு நாள்கூடப் போகவில்லை. பள்ளிக்குப் போகும் வயது அவளுக்கு வந்தபோது நிலக்காரர் பருத்தி எடுக்க இன்னொரு ஜோடிக் கை கேட்டார். அத்தோடு சரி. கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் எங்கள் அப்பா போட்டதுபோல ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

படிக்கத் தெரியாதவள் என்று யாரும் அவளைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். நெபோ மலை பாப்டிஸ்ட் சபையில், ஆராதனைக்கு வருபவர்களுக்கு இடம் காட்டி உட்காரவைக்கும் வாசல் ஊழியப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, இடக்கை முதுகுக்குப் பின்னால். ஆராதனை முடியும்வரை உட்காரக் கூடாது, பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் வலக்கைதான். இரண்டு விரல் நிமிர்ந்தால் இரண்டு இடம் காலி. உள்ளங்கை தரையைப் பார்த்தால் ஜெபம் நடக்கிறது, யாரும் நடக்காதே. கையைக் குழித்து நெஞ்சருகே வைத்தால் யாரோ மயங்குகிறார், தண்ணீர் வேண்டும். அந்தச் சைகைக்குக் கூஜாவோடு ஓடி வருவது அவள் கணவன் லெமுவேலின் வேலை. வார நாட்களில் மரமறுக்கும் ஆலை, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் கூஜா. இரண்டையும் சிரித்துக்கொண்டே செய்வான்.

1964 கோடையில், தலைமுடி அலங்காரக் கடை வைத்திருந்த மிஸ் க்ளோடீல் எங்கள் சபையின் பின்னறையில் எழுதப் படிக்க வகுப்பு ஆரம்பித்தார். வாக்காளர் பதிவுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆர்டெலியா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பகலில் திருமதி பிரிட்சார்டின் வீட்டில் சமையல். பிஸ்கட்டுக்கு மாவு பரப்பும்போது பலகையில் விரலால் தன் பெயரை எழுதுவாள், காலடி கேட்டால் உள்ளங்கையால் தேய்த்துவிடுவாள்.

"மாவுல எழுதி எழுதி அந்த வெள்ளைக்காரம்மா உன் பேரைத் தினம் தின்னுது. நாளைக்கு அதுக்கே 'ஆர்டெலியா'ன்னு வாந்தி வரும் பாரு" என்பான் லெம்.

"உனக்கு வயித்தெரிச்சல். உன் பேரு என் பேரைவிடச் சின்னது, அதுவே உனக்கு எழுத வராது."

"எனக்கு எதுக்கு? எழுதத் தெரிஞ்ச பொண்டாட்டி இருக்கால்ல."

ஒரு மாலை என்னிடம் சொன்னாள்: "அக்கா, என் முதல் கையெழுத்து அந்த வாக்காளர் புத்தகத்துலதான். அதுவரைக்கும் எவன் கேட்டாலும் குறிதான் போடுவேன். மளிகைக் கடைக்கும் நிலக்காரனுக்கும் குடுத்து அதை எச்சிலாக்க மாட்டேன்."

அக்டோபரின் முதல் திங்கட்கிழமை பதிவு அலுவலகம் திறந்தது. நீதிமன்றப் படிக்கட்டிலிருந்து மூலைக் கடைவரை நாங்கள் நின்றோம். கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரீஃப்பின் ஆள் ஒருவன் தடியால் படியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "வரிசையை விட்டு நகர்ந்தா இடம் போச்சு. உட்கார்ந்தா போச்சு. பேசினா உள்ள தள்ளுவேன். வெளியில இருந்து எவனாவது எதையாவது குடுத்தா அவனையும் தள்ளுவேன்."

ஆர்டெலியா என் காதருகே, "இவன் நம்ம சபை விதியையே சொல்றான்" என்றாள். அதன்பின் பேசவில்லை. இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். வாசல் ஊழியப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். அவள் கையைப் பார்த்து அவர்கள் நின்றார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள்.

வெயில் ஏறியது. உள்ளே ஒருவரை விட்டால் அடுத்தவரை விட வெகுநேரம் எடுத்தார்கள். மதியத்துக்குப் பின் எங்களுக்கு முன்னால் நின்ற முதியவள் மொசெல் தள்ளாட ஆரம்பித்தாள். ஆர்டெலியாவின் வலக்கை எழுந்தது. குழிந்தது. நெஞ்சருகே வந்தது. இருபது வருடம் பழகிய கை, அவளைக் கேட்டா எழும்?

எதிர்ச் சாரியில் லாரிகளுக்குப் பக்கத்தில் லெம் நின்றிருந்தான். ஆலையில் அன்று விடுப்புச் சொல்லியிருந்தான். கையில் ஒரு பழைய கண்ணாடி ஜாடி. சைகையைப் பார்த்ததும் நடந்தான்.

ஆர்டெலியா உடனே உள்ளங்கையைத் தரைக்குத் திருப்பினாள். நடக்காதே. அவன் அதைப் பார்த்தான், நான் சத்தியம் செய்வேன். பிறகு மொசெலைப் பார்த்தான், நடையை எட்டிப் போட்டான்.

"எங்கடா போற?" தடிக்காரன் குறுக்கே வந்தான்.

"தண்ணி சார். அந்தம்மா விழப் போறாங்க."

"விழட்டும்."

"விழுந்தா உங்க படிக்கட்டுத்தான் சார் அழுக்காகும்."

அதற்குமேல் அவனைப் பேசவிடவில்லை. முதல் அடி ஜாடியில் பட்டது, அடுத்தவை தலையில். மூன்று பேர் அடித்தார்கள். ஆர்டெலியாவின் கால் வரிசையை விட்டு எழுந்தது. கீழே கிடந்த இடத்திலிருந்து அவன் கத்தினான்: "நகராதடி! இடம் போயிடும்!"

அவள் காலைக் கீழே வைத்தாள். அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் நின்றாள். அந்த நிற்றலை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். கல்நெஞ்சக்காரி என்றவர்களும் உண்டு. அவன் கேட்டதைத்தான் அவள் செய்தாள்.

எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டார்கள்.

சிறையில் அவனைப் பார்க்க விடவில்லை. வைத்தியரும் வரவில்லை. தலை வலிக்கிறது என்று அவன் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தானாம், பக்கத்து அறையில் இருந்தவர் பின்னால் சொன்னார். அந்த வாரக் கடைசியில் எங்கள் ஆட்களுக்குச் சவ அடக்கம் செய்யும் திரு. கிரிம்ஸ்லி அவனைத் தன் வண்டியில் கொண்டுவந்தார். படியிலிருந்து விழுந்து இறந்தான் என்று ஷெரீஃப்பின் காகிதம் சொன்னது.

கிரிம்ஸ்லி உடலை ஒப்படைக்கும் தாளை நீட்டினார். "இங்க உன் பேரை எழுதும்மா. நீதான் எழுதக் கத்துக்கிட்டேன்னு லெம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சானே."

ஆர்டெலியா பேனாவை வாங்கினாள். பெருக்கல் குறி போட்டாள்.

"ஏம்மா?"

"இதுக்கு இல்லைங்க" என்றாள்.

அடக்கம் முடிந்து வேலைக்குப் போனவளைத் திருமதி பிரிட்சார்ட் சமையலறைக்குள் விடவில்லை. "உன்னால எங்க வீட்டுக்குப் பேச்சு வருது, ஆர்டெலியா. சமையல் மேலங்கியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போ." மாட்டிவிட்டு வந்தாள். குடியிருந்த வீடு ஆலைக்காரருடையது, அதுவும் போயிற்று. என் வீட்டில் நானும் அவளும் ஒரே கட்டிலில் படுத்தோம். சபையில் வாசல் ஊழியத்தை அவள் விடவில்லை. ஆனால் தண்ணீர்ச் சைகையை மட்டும் அதன்பின் வேறொருத்தி காட்டினாள். வகுப்பு இருக்கும் நாட்களில் சபையின் பின்னறைக்குப் போய் முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். பதிவு அலுவலகம் திறந்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நின்றாள். ஒரு தடவையும் மேசைவரை விடவில்லை.

அடுத்த ஆண்டு சட்டம் மாறியது. வாஷிங்டன் அனுப்பிய ஆட்கள் தபால் நிலையத்தின் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். கூட்டம் தெருவரை நின்றது. இந்தத் தடவை யாரும் தடியோடு வரவில்லை. ஷெரீஃப்பின் ஆட்கள் எதிர்ச் சாரியில் நின்று முகங்களை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

மேசையில் இருந்தவர் வடக்கத்திக்காரர். கேட்டதையெல்லாம் அவரே வாக்காளர் புத்தகத்தில் நிரப்பினார். கணவர் பெயர் கேட்டபோது, "லெமுவேல். இல்லை, இப்ப இல்லை" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எழுத வரலைன்னா பரவாயில்லைங்க. புதுச் சட்டப்படி ஒரு குறி போட்டாப் போதும்" என்றார்.

ஆர்டெலியா சபையின் வெள்ளைக் கையுறைகளோடு வந்திருந்தாள், வலக்கையுடையதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாக, கோட்டின்மேல், முழுப் பெயரையும் எழுதினாள். பின்னால் வரிசை நீண்டு நின்றது, யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்ததும், பெயருக்குப் பக்கத்திலேயே தேதியையும் போடச் சொன்னார் அவர். அதையும் அவளே போட்டாள்: 1965, ஆகஸ்ட் 24.