பதினொரு பெண்களுக்கு ஒரே ஏக்கம்

மெற்றில்டா மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் தமிழில்தான் வரும். இங்கிலீஷ் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சேலை. மடிப்புக் கலையாமல் வைத்திருந்து, தேவைக்கு எடுத்து, நுனி சரிபார்த்து உடுத்துவார். கோபத்தில் அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடுகிற உடுப்பல்ல அது.

நான் சொல்வது தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கதை. கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஷிப்லி நானா ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருந்தார். முன்னால் இரண்டு ரெலிபோன் கூடுகள். அவற்றுக்கு நான் பொறுப்பு. யாழ்ப்பாணக் கச்சேரியில் இருபது வருஷம் அரசாங்கக் கிளாக்காக இருந்துவிட்டு, சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, வெளிநாட்டு அழைப்புகளுக்கு நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால், போட்டோக் கொப்பி மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மேசை. அதில் ஒரு தட்டச்சு மெஷின், ஒரு றப்பர் சீல், நாற்பத்திரண்டு வயது மெற்றில்டா மிஸ். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகையில் பெயரும் போட்டிருந்தது.

கொழும்பிலேயே பிறந்த கொட்டாஞ்சேனைக்காரி. தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தமிழில் படித்த பெண்ணுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷ் இரண்டு தரம் கவிழ்ந்தது. அந்த அவமானத்தில், சொற்களை எழுதிவைக்க ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்கினார். நான் கண்டபோது அது ஏழாவது கொப்பி.

பக்கத்துக்கு ஒரு சொல். நடுவில் அது பெரிதாக இருக்கும். வலப் பக்கத்தில் அதே பொருளுள்ள சொற்கள், அவை சொந்தக்காரர். இடப் பக்கத்தில் எதிர்ச்சொற்கள், விரோதிகள். அடியில், அந்தச் சொல் யாரோடு சேர்ந்து நடக்கும் என்ற பட்டியல், அவர்கள் கூட்டாளிகள். இறைச்சி சுற்றி வந்த பேப்பர், மரண அறிவித்தல், பஸ்ஸில் முன் சீற்றுக்காரர் விரித்து வைத்திருந்த தலையங்கம், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்களும் உண்டு.

சொந்தக்காரர் என்பதற்காக ஒருவருக்குப் பதில் இன்னொருவரைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பது அவருடைய முதற்பாடம். பிக் பிரதர் என்றால் அண்ணன். லார்ஜ் பிரதர் என்றால் குண்டன். மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ரோங். ஸ்ட்ரோங் தேத்தண்ணிக்கு விரோதி வீக். அதே ஸ்ட்ரோங் காற்றோடு சேர்ந்து வந்தால் விரோதி வீக் இல்லையாம், லைட்டாம். இடத்துக்கு இடம் விரோதி மாறினால் அது இந்த நாட்டு அரசியல் மாதிரி இருக்கிறதே என்றேன். சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியைத்தான் முடித்தார்.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. இவ்வளவு சொற்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்தீர்களே, உங்களுக்கு ஒன்று பார்க்கவில்லையா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கேட்டது என் பிழைதான். மன்னிப்புக் கேட்ட பிறகும் இரண்டு நாள் சேர்த்தே தண்டித்தார்.

அந்தக் காலத்து வெள்ளவத்தை, காத்திருக்கிற பெண்களின் ஊர். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் இருந்த லொட்ஜ்களில் பாதிப்பேர் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிவிட்டு விசா பார்த்திருந்தவர்கள். எந்த நாடு என்பது வேண்டாம். எல்லா எம்பசியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. இது உண்மையான கலியாணம்தானா? அதற்கு அத்தாட்சியாகக் கலியாண அல்பம், ரெலிபோன் பில், கடிதங்கள். அல்பம் அவர்களிடம் இருந்தது. பில் நான் கொடுத்தேன். கடிதங்களை மெற்றில்டா மிஸ் இங்கிலீஷாக்கிச் சீல் அடித்தார்.

சிக்கல் கடிதங்களில்தான் இருந்தது. எங்கள் பெண்கள் புருஷனுக்கு அன்பைக் கடதாசியில் எழுதுகிற சாதி அல்ல. நான் நலம், நீங்கள் நலமா, மாமிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, முட்டை விலை ஏறிவிட்டது, இரவில் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டாம். அவ்வளவுதான். முழு அன்பும் அந்தத் தலைத்தண்ணீருக்குள் இருக்கிறது என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும், எம்பசித் துரைக்குத் தெரியுமா? சேர்ந்து வாழத் துடிக்கிற பெண் முட்டை விலையா எழுதுவாள் என்று அவர் கேட்பார். சில பெண்களே கேட்டார்கள்: மிஸ், கொஞ்சம் பாசமாக எழுதி விடுங்கோ.

மெற்றில்டா மிஸ் எழுதினார். நல்ல மனதோடுதான். நான்காவது கொப்பியில் ‘மிஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் இருந்தது; அவரைக் கூப்பிடுகிற மிஸ் அல்ல, பிரிந்தவரை நினைத்து ஏங்குகிற மிஸ். அடியில் கூட்டாளிகள் வரிசையாக நின்றார்கள். டீப்லி, டெரிபிளி, எவ்ரி வேக்கிங் மோமென்ட். பக்கத்துப் பக்கத்தில் காத்திருத்தல்; அதற்கு இகர்லி. தனிமைக்கு அன்பெயரபிள். முட்டையும் காய்ச்சலும் கழன்று விழுந்தன. அந்த இடத்தில் இவை ஏறின. வாசித்துப் பார்த்தால் இங்கிலீஷ் பளிச்சென்று இருக்கும். ஒரு பிழை பிடிக்க முடியாது. மூன்று நாலு பேருக்கு விசாவும் கிடைத்தது. எங்கள் கடைக்கு நல்ல பெயர்.

பிறிஜெற் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண், முப்பத்தைந்து வயது; மிஸ் இங்கிலீஷாக்கிய கடிதங்களை முன்பே எம்பசிக்குக் கொடுத்திருந்தவள். புருஷன் மரியதாஸ் வெளிநாட்டில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவன். திருச்சியில் கலியாணம் முடித்து இருபத்திமூன்று நாள் சேர்ந்து இருந்தவர்கள். பிறகு மூன்றரை வருஷம் ரெலிபோனும் கடிதமும். அவள் ஒரு கடிதத்தை மேசையில் வைத்து, விளங்கவில்லை, வாசித்துச் சொல்லுங்கள் என்றாள். மிஸ் வாசித்தார். வாசித்தவர் எங்களுக்குச் சொல்லாமல் திரும்பவும் மேலிருந்து வாசித்தார். நான் எட்டி வாங்கிப் பார்த்தேன்.

விசா மறுப்பு. மனுதாரரின் கடிதங்களில் காணப்படும் வசனங்கள் வேறு பத்து மனுதாரரின் கடிதங்களிலும் சொல்லுக்குச் சொல் காணப்படுகின்றன. ஆகவே இந்த உறவு உண்மையானது என்று நம்ப முடியவில்லை. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

பிறிஜெற்றுக்கு விசா மட்டும் போகவில்லை. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்கும்போது எம்பசிக் கடிதத்தைக் காட்டித்தான் அவள் லொட்ஜில் பதிவை நீட்டிவந்தாள். இனிக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மேன்முறையீடு தோற்றால் அவள் கப்பலேறி யாழ்ப்பாணம் திரும்ப வேண்டும். போனால் மறுபடி கொழும்புக்கு வர இராணுவத்திடம் பாஸ் எடுப்பது எப்போது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. மரியதாஸை அவள் இனிக் காண்பாளா என்பது அந்த முப்பது நாளில் இருந்தது.

மெற்றில்டா மிஸ் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது கொப்பியை எடுத்து விரித்து, இதில் எது பிழை, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேராமல் நிற்கிறது, காட்டுங்கள் என்று என்னிடம் வாதாடினார். எனக்கும் சூடு ஏறிவிட்டது.

“மிஸ், பிழை இல்லாததுதான் பிழை. பதினொரு பேருக்கு ஒரே ஏக்கம் எப்பிடி வரும்?”

பிறிஜெற், தன் பெயரில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இங்கிலீஷ் கடிதத்தை எடுத்து நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். என் விழித்திருக்கும் ஒவ்வொரு கணமும், தாங்க முடியாத தனிமை, ஆவலோடு எதிர்பார்க்கும் அந்த நாள். பிறிஜெற்றின் முகம் சிவந்துபோயிற்று. உண்மையில் நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன். அவள் பைக்குள்ளிருந்து போட்டோக் கொப்பியை எடுத்தாள். தபாலில் போடுமுன் எல்லாக் கடிதத்தையும் கொப்பி எடுத்து வைக்கச் சொல்லி யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதே திகதிக் கடிதம். மாமிக்கு முழங்கால் வலி. லொட்ஜில் தண்ணீர் காலையில் மட்டும். பிறகு இப்படி இருந்தது: உங்கட நீலச் சேட்டின்ர பொத்தான் ஒண்டு என்ர சூட்கேசுக்குள்ள கிடந்தது. தைக்கிறதுக்குச் சேட் இல்லை. அதாலே என்ர வீட்டுச் சட்டையில தைச்சுப் போட்டிருக்கிறன். நிறம் பொருந்தேல்லை, பறவாயில்லை.

மெற்றில்டா மிஸ் அதை வாங்கி வாசித்தார். பிறகு, “இத நான் விட்டுட்டேன். தேவையில்லன்னு நெனச்சேன்” என்றார். அந்தக் குரலில் எனக்கு அவரைத் திட்டுகிற எண்ணமே போய்விட்டது. அவருடைய கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்த நாள் முதல் மறுபடி மொழிபெயர்ப்பு நடந்தது. பதினேழு கடிதம். சொந்தக்காரரையும் கூட்டாளிகளையும் தேடாமல், இருப்பதை இருக்கிறபடி. அது முன்னதைவிடப் பெரிய பாடு. ‘பறவாயில்லை’க்கு இங்கிலீஷில் பத்துச் சொல் கிடைத்தது, பிறிஜெற்றின் பறவாயில்லை எது என்று அவளையே கூப்பிட்டுக் கேட்டுத் தெரிவு செய்தார். முழங்கால் வலி, தண்ணீர், முட்டை விலை, எல்லாம் ஏறின. பொத்தானைப் பற்றிய அந்த நாலு வரிக்கு ஒரு காலை முழுவதும் போயிற்று.

ஆனால் புதிய மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. முன்னதைப் பொய் என்று சொன்னவர்கள் இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அந்த வசனங்கள் மனுதாரருடையவை அல்ல, மொழிபெயர்த்தவளாகிய என்னுடையவை, அவளுக்குத் தெரியாமல் நான் சேர்த்தவை என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும் என்று மிஸ் தானாகவே தீர்மானித்தார். ஷிப்லி நானா பதறிப்போனார். நல்ல மனிதர்தான், ஆனால் கடைக்காரர். எழுதிக் கொடுத்தால் அந்தச் சீலுக்குப் பிறகு மரியாதை இராது என்றார். பத்து வருஷம் படித்து, மூன்றாம் தரம் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, கோர்ட்டில் சத்தியம் செய்து வாங்கிய சீல் என்று நினைவுபடுத்தினார். எனக்கும் அதே எண்ணம்தான். வேறு வழி இருக்கும், கொஞ்சம் யோசியுங்கள் என்றேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

“அந்தப் புள்ளைக்கு நாள் இல்ல, அண்ணன். எனக்கு என்ன, பஸ் ஏறினா வீடு” என்றார் மிஸ்.

சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்து வைத்தார். கடதாசியில் ஒரு அலங்காரச் சொல் இல்லை. மற்றப் பத்துப் பெண்களில் விசா இன்னும் முடிவாகாத ஆறு பேரை லொட்ஜ் லொட்ஜாகத் தேடிப்போய்ச் சொல்லி, அவர்களுடைய கடிதங்களையும் திருப்பி எழுதிக் கொடுத்தார். ஒருத்தி வாசலில் வைத்தே ஏசினாளாம். ஏசட்டும், நியாயம்தானே என்று வந்து சொன்னார்.

ஐந்து கிழமைக்குப் பிறகு பிறிஜெற்றை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எம்பசியின் ஆள் ஒரே ஒரு கடிதத்தைப் பற்றித்தான் கேட்டாராம். அந்தச் சட்டை எங்கே என்று. அவள் அதைப் பைக்குள் கொண்டு போயிருந்தாள். விசா கிடைத்தது. அதே கிழமை மெற்றில்டா மிஸ்ஸுக்கும் ஒரு கடிதம் வந்தது. இனிமேல் அவருடைய சீல் உள்ள மொழிபெயர்ப்புகள் அங்கே ஏற்கப்பட மாட்டா. வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். மற்ற எம்பசிகளுக்கும் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? மாதக் கடைசியில் பலகையை இறக்கினோம்.

பயணத்துக்கு முதல்நாள் காலை, மிஸ் மேசையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தபோது, பிறிஜெற் வந்தாள். தலை முழுகி, ஒரு புதுச் செருப்புப் போட்டிருந்தாள். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகாமல் மேசைப் பக்கம் நின்றாள்.

“மிஸ், முதல் எழுதினீங்களே, அதுகளைத் தமிழில ஒருக்காச் சொல்லித் தாறியளே?”

மெற்றில்டா மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. அவை உன்னுடையவை இல்லை என்று நானே சத்தியக் கடதாசி கொடுத்தேனே என்றார்.

“ஓம் மிஸ். ஆனா அண்டைக்கு அண்ணை வாசிக்கேக்க எனக்கு நல்லா இருந்தது. எனக்கு உப்பிடிக் கதைக்க வராது. அவருக்கும் வராது. ஆராவது ஒராள் தொடங்கத்தானே வேணும்.”

மெற்றில்டா மிஸ் கொப்பியைத் திறந்தார். ‘மிஸ்’ பக்கத்தைத் தேடி எடுத்தார். டீப்லியிலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டு போனார். கொப்பியை மூடினார். பிறகு எங்கள் இருவரையும் பாராமல், போட்டோக் கொப்பி மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீங்க இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடல்ல. பஸ்ஸுல ஏறினாலும் பக்கத்துல நீங்க இருக்கிற மாதிரி எடம் விட்டுத்தான் இருக்கிறேன்.”

கொப்பியில் அப்படி ஒன்று இல்லை. ஏழு கொப்பியும் நான் பார்த்தவன். அன்று அந்தச் சம்பந்தப் பகிடி விட்ட என் நாக்கை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. பிறிஜெற் ஞானப்பாடம் படிக்கிற மாதிரி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். நடுவில் மறந்துவிட்டது. இன்னொருக்காச் சொல்லுங்கோ மிஸ் என்றாள்.

மெற்றில்டா மிஸ் இன்னொரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் குரல் உடைந்துவிட்டது. முதலாம் கூட்டில் ரெலிபோன் அடித்தது. நான் போய் எடுக்கவில்லை.