முழங்கைக்கு வேறு நூல்

கடைசிப் பயணி இறங்கி, அவருடைய நாயும் இறங்கி முடிந்ததும், கலா அக்கா ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து எம்ப்ராய்டரி வளையத்தை எடுக்கிறார். டிராம் மறுபடி புறப்பட ஏழு நிமிடம் இருக்கிறது. "ஏழு நிமிசம் எண்டால் ஒரு செட்டையிலை கால்வாசி," என்கிறார் ஊசியில் நூலைக் கோத்தபடி. செட்டை என்றால் அவருடைய யாழ்ப்பாணத்தில் சிறகு. நேரமானதும் வளையம் சோற்றுப் பெட்டிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி ஒரு நொடி பிந்தாது.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பதினான்கு வருடமாக டிராம் ஓட்டுகிறார் கலாதேவி. வயது ஐம்பத்தொன்று. கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் நான் வேலை செய்கிறேன். ஆகவே அந்த ஏழு நிமிடத்தில் இரண்டை வாரத்துக்கு நாலு நாளாவது நான் திருடிக்கொள்வேன். அவர் கோபிப்பதில்லை. "கதை பிள்ளை. காது சும்மாதானே கிடக்கு" என்பார். கண்ணை மட்டும் துணியிலிருந்து எடுக்கமாட்டார்.

அவர் தைப்பது குறுக்குத் தையல். துணி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. தைப்பதெல்லாம் தேவதைகள், மாதிரியெல்லாம் அவரே ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டத்தாளில் வரைவது. தும்பியின் சிறகு இருக்கும். மந்திரக்கோல் மட்டும் இருக்காது. "கோலை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது? கையிலை ஒரு வேலை இருக்கவேணும்." ஒருத்தி சிறகை மடக்கிக்கொண்டு சப்பாத்துக்கு நாடா கட்டுகிறாள். ஒருத்தி தபால் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்து முகத்தைச் சுளிக்கிறாள். எனக்குப் பிடித்தவள் மழையில் மஞ்சள் மேல்சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு டிராம் ஓட்டுகிறவள். தையல் எண்ணிக்கை தவறிவிட்டால் திட்டு தேவதைக்குத்தான். "அடி எருமை, கொஞ்சம் அசையாமல் நில்லன்!"

கத்தரிக்கோல் கிடையாது, பல்லால்தான் நூலை அறுப்பார். தேவதைகளின் தோலுக்கு நூல் தேர்வதோ தனி வைபவம். முதல் தடவை கடையில் தோல் நிற நூல் கேட்டபோது, இளம் ரோஜா நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார்களாம். ஜெர்மன் மொழியில் அந்த நூலுக்குப் பெயரே தோல்நிறம். அதைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்து, "ஆற்றை தோல்?" என்று கேட்டிருக்கிறார். ஆற்றை என்றால் யாருடைய. அன்றிலிருந்து நூல்கட்டுகளை முன்கையில் வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறார். முகத்துக்கு ஒரு பழுப்பு, கழுத்தடிக்கு ஒரு பழுப்பு, முழங்கைக்கு இன்னும் ஒரு படி கறுத்தது. முழங்கைக்கு எதற்குத் தனி நூல் என்று நான் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். "உன்ரை முழங்கையைத் திருப்பிப் பார்" என்றார். பார்த்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்தப் பிடிவாதம் ஜெர்மன்காரருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் அவர் தேவதைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார். விழாவுக்கு வந்திருந்த புஷ்பராணி அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தேவதை எண்டால் கொஞ்சம் வெள்ளையாய்ப் போட்டால் இன்னும் வடிவாய் இருக்குமெல்லே?"

"ஏனக்கா, நீங்கள் மேலை போனால் வெள்ளையாய்த்தான் திரும்பி வருவியளோ?" என்றார் கலா அக்கா.

புஷ்பராணி அக்கா மூன்று மாதம் பேசவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கலா அக்காவின் முயலுக்கு நான்கு கால்தான், மற்றவர்கள்தான் மூன்று என்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவர் நூல் வாங்கும் கைவேலைக் கடையின் சொந்தக்காரி ஃப்ராவ் ப்ரிங்க்மன். வாடிக்கையாளர்கள் வரைந்த மாதிரிகளில் பன்னிரண்டைத் தேர்ந்து, வருடத்துக்கு ஒரு புத்தகம் அச்சிடுகிறவர். ஒவ்வொரு மாதிரிக்கும் கீழே வரைந்தவர் பெயர் இருக்கும். ஐந்து வருடம் அனுப்பியும் கலா அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆறாவது வருடம் கிடைத்தது, அந்த மஞ்சள் மேல்சட்டை டிராம்காரிக்கு. அன்றைக்கு அவர் ஏழு நிமிடமும் தைக்கவேயில்லை. "பேர் அச்சிலை வருது பிள்ளை. முழுப் பேரும்," என்று இரண்டு தடவை சொன்னார். அந்த முகத்தில் அவ்வளவு வெட்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரத்தில் அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் தாள் வந்தது. சிறகு இருந்தது, மேல்சட்டை இருந்தது, மழையும் இருந்தது. முகத்திலும் கையிலும் ஒரு குறி இல்லை, எல்லாக் கட்டமும் வெறுமை. தாளின் மேலே 'துணி: வெள்ளை' என்று போட்டிருந்தது. தோலைத் தைக்காமல் விட்டால் ஆயிரத்து இருநூறு தையல் மிச்சம், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது சுலபம் என்று ஃப்ராவ் ப்ரிங்க்மன் அன்பாகவே எழுதியிருந்தார். நிறையப் பேர் அப்படித்தான் மாதிரி போடுகிறார்களாம். அதுவும் பொய்யில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேறொருவரின் மாதிரி அந்தப் பக்கத்துக்குப் போய்விடும்.

"வெள்ளைத் துணியிலை தோலை விட்டால் அவள் ஆர்? நானோ?" என்று என்னிடம் கேட்டார். கணவர் யோகலிங்கம், முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிற சாதுவான மனிதர், "விடுமப்பா, பேர் வருகுதுதானே" என்றிருக்கிறார்.

"பேர் என்ரை, முகம் ஆற்றையோ? ஏலாது."

மறுநாள் யோகலிங்கத்தார் வேலை முடிந்து வந்தபோது, வீட்டின் பெரிய சோற்றுப் பானையில் தேயிலைச் சாயம் கொதித்துக்கொண்டிருந்ததாம். உள்ளே சோறில்லை, துணி. மூன்று தரம் சாயத்தில் ஊறப்போட்டும் நிறம் காணாமல், நாலாம் தரம் கலா அக்கா கோப்பித்தூளையும் கொட்டியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் துணியைக் காயவைத்து, தன் முன்கையோடு வைத்துப் பார்த்திருக்கிறார். "இரவுச் சாப்பாட்டுக்குச் சோறில்லை, கடைப் பாண்தான்" என்றார் யோகலிங்கத்தார் என்னிடம். குரலில் புகார் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கலா அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். "நீ வா பிள்ளை. எனக்குக் கோவம் வந்தால் டொய்ச் மறந்துபோகும்." ஜெர்மன் மொழி மறக்கவில்லை. சீருடையோடு போய், தேயிலை மணக்கும் துணியை ஃப்ராவ் ப்ரிங்க்மனின் மேசையில் விரித்தார். அதே டிராம்காரி, அதே சிறகு, அதே மழை. முகத்திலும் கையிலும் ஒரு தையல் கிடையாது. பழுப்புத் துணியே முகமாக, கையாக நின்றது. அந்தத் தோலில் ஒரே ஒரு இடத்தில்தான் ஊசி பட்டிருந்தது. முழங்கையில் நாலைந்து குறுக்கு, ஒரு படி கறுத்த நூலில்.

"நீங்கள் சொன்னபடியே தோலை விட்டிட்டன்," என்றார். அவர் ஜெர்மன் மொழியில் சொன்னதை அவருடைய தமிழிலேயே எழுதுகிறேன், கோபம் அதில்தான் சரியாக வரும். "தொடங்குறவைக்கு லேசு. ஒரு சொல்லை மட்டும் மாத்துங்கோ." சரிபார்க்கும் தாளில் 'வெள்ளை' என்பதை அடித்துவிட்டுப் 'பழுப்பு' என்று எழுதினார்.

ஃப்ராவ் ப்ரிங்க்மன் துணியைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "யாராவது வெள்ளை முகம் வேண்டுமென்றால்?"

"வேணுமெண்டவை தைக்கட்டும். ஆயிரத்து இருநூறு தையல்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃப்ராவ் ப்ரிங்க்மன் சிரிக்கவில்லை. தாளை எடுத்து அந்த ஒரு சொல்லைப் பார்த்தார். புத்தகத்தோடு துணியையும் விற்கிற கடை அது. "என்னிடம் பழுப்புத் துணி ஒரு துண்டுகூட இல்லையே," என்றார்.

"எடுப்பியுங்கோ."

சுவர்க் கடிகாரத்தில், கலா அக்காவின் அடுத்த வண்டிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஃப்ராவ் ப்ரிங்க்மன் எங்கள் இருவரையும் பார்த்தார், துணியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுத் தொலைபேசியை எடுத்தார். மொத்த வியாபாரியிடம் பழுப்பு வேண்டும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள்.

அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். "பழுப்பில் ஒன்பது வகை இருக்கிறதாம். எந்தப் பழுப்பு என்று கேட்கிறார்கள்."

கலா அக்கா சீருடைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, மேசைக்குக் குறுக்கே நீட்டி வைத்தார்.