இரண்டாம் கோடையில் அறுத்த கோரை

ஃபெம்மிக்கு வாயாடத் தெரியாது. பாய் முடைகிற பெண்களுக்கு இது பெரிய குறை. நாங்கள் பத்துப் பேர் பேசுவதை அவள் ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். மீன்பிடிக்கப் போன கணவன் விஹரைச் சாய்டர் கடல் கொண்டுபோன பிறகு, கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அந்த வசந்தத்தில் அணை வாரியம் அவளுக்குக் கடலைத் தடுக்கும் அணைக்கு வெளியே ஒரு துண்டு ஆழமில்லாத நீரைக் கொடுத்தது. அதில் கோரை நட்டு, மூன்று ஆண்டு அரிவாள் படாமல் வளர்த்துக் காட்டினால் படுகை அவளுக்கே சொந்தம். கோரை அலையை உடைக்கும், அணை பிழைக்கும் என்பது வாரியத்தின் நினைப்பு. அவளுக்கோ அதை விட்டால் சாகும்வரை அடுத்தவர் கோரையில் கூலிக்குப் பாய் முடைய வேண்டியதுதான்.

ஏப்ரல் குளிரில் இறங்கினாள். பழைய படுகையிலிருந்து வேர்க்கட்டியைப் பெயர்த்து, உள்ளங்கை அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் முளை இருக்கிறதா என்று பார்த்தாள். முழங்கால் ஆழத்தில், ஓர் எட்டு தூரத்துக்கு ஒன்றாகச் சேற்றில் புதைத்துக் குதிகாலால் மிதித்தாள். அலை பிடுங்காதபடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சியை வளைத்துக் குத்தினாள். நான் இரண்டு நாள் உதவினேன். இரண்டு நாளும் புலம்பினேன். அவள் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் கோடையில் கோரை ஆள் உயரம் நின்றது. அப்போது பார்த்துத்தான் அவள் காய்ச்சலில் விழுந்தாள். விஹரின் தம்பி லுபெர்ட் தினமும் மோர்க்கஞ்சி கொண்டுவந்து ஊட்டினான். ஐந்து பிள்ளைகளின் தகப்பன், ஊரிலேயே முதல்தர அறுப்பாளி.

"அண்ணி மருந்துக்கு எங்க போவாங்க? கோரை என் தலைக்கு மேல நிக்குது. இதுக்கு இன்னும் ஒரு வருஷம் எதுக்கு?" என்று என்னிடம் கேட்டான்.

மறுநாளே இறங்கி அத்தனையையும் அறுத்து மருந்துக்கு விற்றான். நான் தடுத்திருக்கலாம். எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. இன்றும் அதை நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

நல்ல அறுப்பாளியின் கை தண்ணீருக்குள் முழங்கை வரை போகும். நீளக் கோரைக்குத்தான் ஆம்ஸ்டர்டாமில் நாற்காலி பின்னுகிறவர்கள் நல்ல விலை தருவார்கள். முற்றிய வேர் அதைத் தாங்கும். இளவேர் தண்டு வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வெட்டுவாய் நீருக்குள் போனால் மூழ்கிச் செத்துவிடும். நீருக்கு மேல் ஒரு சாண் விட்டிருந்தால் போதும். லுபெர்ட்டுக்கு இது தெரியாததல்ல. இருபது வருடப் பழக்கம் கையைக் கீழே இழுத்துவிட்டது.

காய்ச்சல் விட்டு எழுந்த ஃபெம்மி நீரில் இறங்கி ஒரு தூரைப் பிடித்தாள். கறுத்து அழுகிக் கையோடு வந்தது.

"என்னை அடிச்சிடுங்க அண்ணி" என்றான் லுபெர்ட்.

"கஞ்சி ஊத்துன கை அது. போ, பிள்ளைங்களப் பாரு."

செப்டம்பரில் வாரியத்துக்காரர் பார்வையிட வந்தார். வாரியத்தின் சட்டப்படி, வேறொருவர் அறுத்திருந்தால் படுகை ஃபெம்மிக்கே கிடைக்கும், மறுபடி நடலாம். அறுத்தவருக்கு ஒரு வருடம் எந்தக் கோரையிலும் அரிவாள் வைக்கத் தடை. அவளே அறுத்திருந்தால் படுகை போச்சு.

"யாரும்மா அறுத்தது?"

"நான்தான். ஆசை யாரை விட்டுச்சு?" என்றாள் ஃபெம்மி. நானும் பக்கத்தில் நின்றேன்.

கோவிலில் அப்பம் பகிரும் திருவிருந்துக்கு முந்திய வாரம், சபை மூப்பர் வழக்கம்போல் அவரவர் பாவத்தை விசாரிக்க வீடு வீடாக வந்தார். அவரிடம் ஃபெம்மி, "ஒரு பொய் சொல்லியிருக்கேன் ஐயா. அதுக்கு வருத்தப்பட என்னால முடியல. நான் மேசைக்கு வரல" என்றாள்.

"என்ன பொய்?"

"அதைச் சொல்றதா இருந்தா பொய் எதுக்குச் சொல்லணும்?"

ஞாயிறன்று வெள்ளை விரித்த நீள மேசையில் ஊரே அமர்ந்தது. ஃபெம்மி மட்டும் பின் பெஞ்சில் இருந்தாள். ஊர் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்பம் லுபெர்ட்டிடம் வந்தது. அவன் எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு எழுந்தான். காலடிச் சத்தம் கோவில் முழுதும் கேட்க நடந்துபோய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கள் ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் அவனே வாரியத்துக்குப் போய்ச் சொன்னான். படுகை ஃபெம்மிக்குத் திரும்பியது. அவன் அரிவாளுக்கு ஒரு வருடத் தடை விழுந்தது. செய்தி கேட்டதும் அவள் அவன் வாசலுக்கு ஓடினாள்.

"நான் தெரிஞ்சு செஞ்சது ஒரே ஒரு பாவம். அதையும் வீணாக்கிட்டியேடா!" என்று கத்தினாள். விஹர் போன பிறகு அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் லுபெர்ட்டின் ஐந்து பிள்ளைகளும் அவள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். கஞ்சி போதாத நாட்களில் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிடுவாள். அந்தப் பொய்யை மூப்பரிடம் யாரும் சொல்லவில்லை.